ஜோடியில் ஒன்றை உடைப்பவர்

என் அக்கா வீட்டுக்காரர் நல்ல தையல்காரர். அவர் தைத்த சட்டைகளைத்தான் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் அவரைப் பற்றிக் கோபமாக எழுதினாலும் கொஞ்சம் மரியாதையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. கோபம் என்னவென்றால், அவர் தள்ளுபடிக் கடையைத் தவிர வேறெங்கும் கருவி வாங்க மாட்டார். நானோ பெரிய கருவிக் கடையில் கவுண்டரில் நின்று, ஸ்பேனரும் டிரில்லிங் மெஷினும் விற்றுப் பிழைக்கிறவன். சொந்த மச்சான் இங்கே நிற்கும்போது, மனிதர் எங்கள் கடையைத் தாண்டி, தெருக்கோடியில் ஒலிபெருக்கி வைத்து "அள்ளுங்க, அள்ளுங்க" என்று கத்துகிற கடைக்குப் போவார். போகிற போக்கில் எனக்குக் கை வேறு காட்டிவிட்டுப் போவார்.

எங்கள் கடைப் பையன்கள் அவருக்கு 'தள்ளுபடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அண்ணே, தள்ளுபடி போறாரு" என்று என்னிடமே சொல்வார்கள். நான் கேட்காத மாதிரி பில் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் தையல் கடையில் அவர் வேறு ஆள். அவருடைய பெரிய கத்தரிக்கோலை அக்காகூடத் தொட முடியாது. காகிதம் வெட்ட யாராவது அதை எடுத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் சிரிக்க முடியாது. நூல், ஊசி, பட்டன், எல்லாவற்றிலும் முதல் தரம். "கடையில அப்படி, வீட்டுல ஏன் அத்தான் இப்படி?" என்று கேட்டால், "அது தொழில், மச்சான். இது வீடு. வீட்டுக்கு இது போதும்" என்பார்.

போதுமா போதாதா என்பதுதான் எங்கள் சண்டை. நியாயமாகச் சொன்னால், பல நேரம் போதும். எங்கள் முதலாளி பக்கத்தில் இல்லாதபோது நானே வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு ஆணி அடிக்கிறவருக்கு எதற்கு விலை உயர்ந்த சுத்தியல்? அத்தானுடைய தள்ளுபடிச் சுத்தியல் அருமையான சுத்தியல். ஸ்பேனர் செட்டும் குறை சொல்ல முடியாதது. டிரில்லிங் மெஷின் கொஞ்சம் புகையும், மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கலாம். சாய்வு இருக்கிறதா என்று பார்க்கிற அந்த ரசமட்டத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியாது. அதை நம்பி அவர் அடித்த அலமாரியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்ப முடியாது, பழம் கீழே கிடக்கும்.

கருவிகளைச் சோதிக்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அது துணியிலிருந்து வந்த புத்தி. புதுத் துணிக் கட்டு வந்தால் மூலையில் ஒரு சாண் வெட்டுவார். அதை நனைப்பார், கசக்குவார், வெயிலில் போடுவார், ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். சாயம் போகுமா, சுருங்குமா, கலப்படமா என்று அந்த ஒரு சாண் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மூலை எப்படியோ கட்டு முழுவதும் அப்படி. அதில் அவர் ஒரு நாளும் ஏமாந்ததில்லை.

கருவியையும் அப்படியே பார்த்தார். எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குவார். ஒன்றை எடுத்து, அது உடையும்வரை வேலை வாங்குவார். கம்பியை முறுக்குவார், கல்லைத் தூக்குவார், மேலே ஏறி நிற்பார். எப்போது உடைகிறது என்று பார்த்துவிட்டு, "பரவால்லை, இவ்வளவு தாங்குது" என்று திருப்தியாக அதன் ஜோடியை எடுத்துச் சுவரில் மாட்டுவார்.

"அத்தான், நீங்க சோதிச்சுப் பாத்தது அதை. மாட்டி வச்சிருக்கறது இதை" என்று ஒருமுறை சொன்னேன்.

"ரெண்டும் ஒரே பெட்டியில வந்தது, மச்சான்."

"ஒரே பெட்டியில வந்தா ஒண்ணாயிடுமா? நானும் அக்காவும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான். அவ மாதிரியா இருக்கேன் நான்?"

"அது வாஸ்தவம்" என்றார். உள்ளே இருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. அவர் முறையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊத வேண்டிய அவசியமே இருக்காது. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும். ஐம்பது தாண்டியும் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தவள். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அதற்கும் தள்ளுபடிக் கடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. படுக்கையறை மாடியில் இருந்ததால், கீழே பின்பக்கம் இருந்த அத்தானின் பட்டறை அறையிலேயே கட்டிலைப் போட்டார்கள். காற்று வரும், குளியலறை பக்கம். அந்த அறையில்தான் சுவர் முழுக்க அவருடைய கருவிகள் மாட்டியிருந்தன. அக்கா நாள் முழுக்க அவற்றைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "கண்ணைத் தொறந்தா இவரோட தள்ளுபடிதான் தெரியுது. கண்ணை மூடினா இவர் குறட்டை" என்று என்னிடம் போனில் சொன்னாள்.

பிரச்சினை அவளைத் தூக்கி உட்கார வைப்பதில்தான். காலை ஊன்றவே கூடாது, இடுப்பு திரும்பவே கூடாது. அக்கா கொஞ்சம் கனமான ஆள். அத்தானும் நானும் ஒருநாள் கையால் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைக்கப் பார்த்தோம். ஒரு விரல்கடை திரும்பிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் அப்படியே கட்டிலில் கிடத்திவிட்டோம். மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி எக்ஸ்ரே.

"மூட்டு இடத்துலதான் இருக்கு. தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். "ஆனா இன்னொரு தடவை இப்படி அடிபட்டா திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். திறந்தா அவங்க நடப்பாங்கன்னு என்னால உறுதி கொடுக்க முடியாது."

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நடக்க மாட்டேன்னா, நிக்கறதாவது நிப்பேனா?" அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் ராப்பகலாக யோசித்தார். ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டுத் தூக்குகிற சாதனம் ஒன்று உண்டு. அதை வாடகைக்கு எடுத்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன். "வாடகைக்கு எடுத்தா ஊர்ல எல்லாரும் படுத்த துணியில இவளைப் படுக்க வைக்கணும். நானே செய்யறேன்" என்றார். துணி என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் வாதாட முடியாது.

தொட்டிலை அவர் தைத்த அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். கெட்டிக் கித்தான் துணி, உள்பக்கம் மெத்தென்று பருத்தி. தலைக்கும் இடுப்புக்கும் தொடைக்கும் தனித்தனியாக மடிப்பு வைத்து, இடுப்பு இம்மியும் திரும்பாதபடி அக்காவைப் படுக்க வைத்தே அளவெடுத்து, அந்த அறையிலேயே மெஷினைப் போட்டுத் தைத்தார். நான்கு மூலையிலும் தொட்டிலின் அடிவரை ஓடுகிற நீளமான இரட்டைப் பட்டை, பட்டை சேருகிற இடத்தில் பெட்டி மாதிரிச் சதுரம் போட்டு நடுவில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். ஒரு பட்டை நாலு விரல் நீளம் கூடிவிட்டது என்று அதை மெஷின் மேல் ஒதுக்கிவிட்டுப் புதிதாக இன்னொன்று தைத்தார். அவ்வளவு பார்த்தார்.

தூக்குவதற்கோ தள்ளுபடிக் கடை செயின் பிளாக். லாரி ஷெட்டில் என்ஜினைத் தூக்குவார்களே, அதன் சின்ன வடிவம். மெல்லிய சங்கிலியைக் கையால் இழுத்தால், கொக்கி மாட்டிய தடித்த சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். அறையின் கூரையில் இரும்பு உத்திரம் இருந்தது, அதில் மாட்டிவிடலாம். வழக்கம்போல ஜோடியாக வாங்கினார். ஒன்றை உத்திரத்தில் மாட்டி, மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தொங்கவிட்டார். கடைசியில் கொக்கி வளைந்தது. "நாலு ஆள் கனத்துக்கு அப்புறம்தான் வளைஞ்சுது, மச்சான். இவ ஒரு ஆள்தானே" என்று போனில் உற்சாகமாகச் சொன்னார். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. அத்தான் தேய்த்த சட்டை போட்டிருந்தார். அக்கா கட்டிலில் தொட்டில் துணியின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். கட்டிலை நகர்த்த நான்கு காலிலும் சக்கரம் மாட்டியிருந்தது, அதுவும் அந்தக் கடைச் சக்கரம்தான். மேலே புதுச் செயின் பிளாக் மஞ்சள் பெயிண்டில் பளபளத்தது.

"அத்தான், முதல்ல நான் ஏறிப் பாக்கறேன்" என்றேன்.

"வேண்டாம். புதுசு. பேக்கிங்கே இப்பத்தான் பிரிச்சேன். அவளுக்குன்னு வாங்கினது."

"அதனாலதான் சொல்றேன். இதுல இன்னும் ஒரு பூனைக்குட்டிகூட ஏறலை."

"இதோட ஜோடியிலதான் அத்தனை மூட்டை ஏத்தினேனே! மச்சான், ஒருத்தருக்குத் தைச்ச சட்டையை இன்னொருத்தர் போட்டுப் பாத்துட்டா குடுப்பாங்க? என் கடையில அந்தப் பழக்கமே கிடையாது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதை அன்போடுதான் சொன்னார். மனைவிக்கென்று வாங்கிய பொருளில் மணல் மூட்டை ஏறுவதையோ மச்சான் ஏறுவதையோ அவர் மனம் ஒப்பவில்லை. நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். இப்படியே அக்காவின் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தோம். அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கடைசியில் அவர் வீடு, அவர் மனைவி, நான் விட்டுக்கொடுத்தேன்.

தொட்டிலின் நான்கு பட்டைகளையும் ஒரு குறுக்குக் கம்பியில் மாட்டி, கம்பியைக் கொக்கியில் மாட்டினார். மெல்லிய சங்கிலியை இழுத்தார். டிக், டிக் என்று சத்தம் வந்தது. துணி விறைத்தது. அக்காவின் உடம்பு மெத்தையை விட்டு ஒரு பலகை மாதிரி நேராக எழும்பியது. இடுப்பு அசையவே இல்லை. தையல் என்றால் அதுதான் தையல். என்னை அறியாமல் "சபாஷ் அத்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அவள் என் தொடை உயரத்துக்கு வந்ததும், கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டேன். இனி சக்கர நாற்காலியை அவளுக்குக் கீழே கொண்டு வந்து, மெதுவாக இறக்க வேண்டும். நாற்காலியை எடுக்கத் திரும்பினேன். பின்னால் க்ரிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

"என் நெத்தியில ஏதோ விழுந்துது" என்றாள் அக்கா.

மஞ்சள் பெயிண்ட் உரிந்து விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கொக்கிக்கு மேலே சங்கிலியின் மூன்றாவது கண்ணியில், கம்பியின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில், ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு இடைவெளியாகி, நகம் நுழைகிற அளவுக்கு ஆனது. அங்கே வெல்டிங்கே இல்லை. பெயிண்ட்தான் இருந்தது.

"அத்தான், சங்கிலியைத் தொடாதீங்க."

"ஏன்?"

"மேல பாருங்க."

அவர் பார்த்தார். "இறக்கிடவா?" என்றார்.

"ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு குலுக்கு குலுக்கும். தாங்காது. கட்டிலைக் கொண்டு வரேன்."

கட்டிலைத் தள்ளினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு சக்கரம் அப்படியே மடங்கி, கட்டில் கால் தரையில் ஊன்றிக்கொண்டது. தோளைக் கொடுத்து முட்டினேன். தலைகீழாக நின்றாலும் அது நகராது என்று தெரிந்துவிட்டது. அக்காவுக்குக் கீழே வெறும் தரை. அவள் விழுந்தால் அந்த இடுப்பில்தான் விழுவாள்.

"என்னடா நடக்குது? யாராவது சொல்லித் தொலைங்க" என்றாள் அக்கா.

"ஒரு கண்ணி விரியுது."

"எந்தப் பக்கம் விழுவேன்?"

"விழ மாட்டே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நேரா கீழே."

"சரி. நான் அசையலை. நீங்க ஆகவேண்டியதைப் பாருங்க" என்றாள். பிறகு பிள்ளைகளுக்கு மைதானத்தில் சொல்லிக் கொடுப்பது போல மூச்சை மெல்ல இழுத்து, நிறுத்தி, மெல்ல விட ஆரம்பித்தாள். மேலே அந்தக் கண்ணி இன்னும் கொஞ்சம் விரிந்தது.

நான் கருவிச் சுவரின் முன்னால் போய் நின்றேன். சங்கிலியைக் கவ்விப் பிடிக்கிற லாக் பிளையர் இருந்தது. வளையம் இருந்தது, கயிறு இருந்தது, கம்பி இருந்தது. அத்தனையும் ஜோடி இழந்தவை. எதன் ஜோடி எப்படி உடைந்தது என்று எனக்கு மனப்பாடம். லாக் பிளையரின் ஜோடி கடைசிவரை வழுக்கவே இல்லை. வளையத்தின் ஜோடி ஒரு கல்லைத் தாங்கியது. ஆனால் இதோ மாட்டியிருப்பது எப்படி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. எதையும் எடுக்க என் கை போகவில்லை. கருவி விற்றே நரைத்தவன் கருவிகளுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"மச்சான்! பட்டை! மெஷின் மேல பட்டை இருக்கு!"

திரும்பினேன். அத்தானைக் காணவில்லை. தரையில் இருந்தார். அக்காவுக்கு நேர் கீழே, இரண்டு கையையும் இரண்டு முழங்காலையும் ஊன்றி, முதுகை வளைத்து மேலே தூக்கிக்கொண்டிருந்தார். தேய்த்த சட்டை முதுகில் துணித் தொட்டிலின் அடிப்பக்கம் அழுந்தியிருந்தது. ஊசி மாதிரி உடம்பு அவருக்கு. அந்த உடம்பால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கனத்தைச் சங்கிலியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார். கைகள் வெடவெடவென்று நடுங்கின.

தையல் மெஷின் மேல் அந்த நீளம் கூடிய பட்டை கிடந்தது. எடுத்தேன். உத்திரம் எட்டாது. மூலையில் அலுமினிய ஏணி சாய்த்து வைத்திருந்தது. எந்தக் கடை ஏணி என்று சொல்ல வேண்டியதில்லை. காலில் இருந்த ரப்பர் எப்போதோ கழன்றுவிட்டது. அதைப் பிரித்து நிறுத்தி ஏறினேன். ஆடியது. இன்னும் ஒரு படி ஏறினேன். இன்னும் ஆடியது. என் கனம் உள்ள எந்த வாடிக்கையாளருக்கும் நான் அந்த ஏணியை விற்க மாட்டேன்.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் அக்கா.

"ஏணி."

"ஐயோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பட்டையை உத்திரத்துக்கு மேலே போட்டு, குறுக்குக் கம்பிக்குக் கீழே விட்டு, இரண்டு முனையையும் மேலே இழுத்தேன். விரிந்த கண்ணி என் கண்ணுக்கு நேராக இருந்தது. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. மேல் கண்ணி அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் முடிச்சைப் போட்டேன். இறுக்கினேன். இரண்டாவது முடிச்சுக்கு முனையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

டங் என்று கண்ணி தெறித்தது. சங்கிலி துள்ளி என் காதை உரசிக்கொண்டு போனது. குறுக்குக் கம்பி ஒரே ஒரு விரல்கடை இறங்கி நின்றது. கீழே அத்தான் "ம்ம்" என்று முனகினார். என் கைகள் பட்டையைப் பிடித்த பிடியில் இருந்தன. கண்ணைத் திறந்து பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பட்டை நின்றது. தையலில் ஒரு இழைகூடப் பிரியவில்லை.

"நான் இன்னும் மேலதானே இருக்கேன்?" என்றாள் அக்கா.

"மேலதான்."

"அவர்?"

"கீழ இருக்காரு."

"முடிச்சை நல்லாப் போட்டுட்டு அவரை எந்திரிக்கச் சொல்லு. முதுகு நடுங்கறது எனக்குத் தெரியுது."

முடிச்சைப் போட்டு இறங்கினேன். அத்தானை இழுத்து நிமிர்த்தினேன். தள்ளுபடிச் சுத்தியலை எடுத்து, மடங்கிய சக்கரத்தைக் கட்டில் காலிலிருந்து அடித்துக் கழற்றினேன். அந்தச் சுத்தியலுக்கு என் மரியாதை என்றைக்கும் உண்டு. கட்டிலை இருவரும் தூக்கி அக்காவின் கீழே வைத்தோம், மெத்தையின் மேல் தலையணைகளை அடுக்கினோம். பட்டையை நான் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்த, அத்தான் தொட்டிலைத் தாங்கிக்கொள்ள, அவள் மெத்தைக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் ஆம்புலன்ஸை வரவழைத்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை யாருக்கும் நிம்மதி இல்லை. அந்த ஒரு விரல்கடை என்ன செய்திருக்குமோ என்று ஆஸ்பத்திரி வாசலில் நானும் அத்தானும் நின்றோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மூட்டு அப்படியே இருக்கு. என்ன, மறுபடி வந்திருக்கீங்க?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "சும்மா ஒரு சந்தேகம்" என்று நான் வழிந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் இரண்டு செயின் பிளாக்கையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். மணல் மூட்டை சுமந்து கொக்கி வளைந்ததன் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒழுங்காக வெல்டிங் வைத்தது. பேக்கிங் பிரிக்காமல் அவளுக்கென்று எடுத்து வைத்த சங்கிலியில், நிறைய கண்ணிகளில் வெறும் பெயிண்ட்.

அக்கா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆக, நல்லதை நீங்களே உடைச்சுட்டீங்க. மோசமானதுல என்னைத் தொங்க விட்டீங்க" என்றாள்.

"துணியா இருந்தா..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேநீர் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் நான் வாடகைக்குத் தூக்கு வண்டியைக் கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிகளில் இருக்கிற அதே சாதனம். அடியில் சக்கரம், நடுவில் தூண், கைப்பிடியை அழுத்தினால் எண்ணெய் அழுத்தத்தில் கை போன்ற கம்பி மேலே எழும்பும். தொட்டில் மட்டும் அத்தான் தைத்தது. நான் ஒவ்வொரு பாகத்தையும் தட்டித் தட்டிக் காட்டி, எத்தனை கிலோ தாங்கும், எப்படிச் சோதித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று கவுண்டரில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தேன். அத்தான் நடுவில் புகுந்து தையலைப் பற்றிப் பேசினார். மறுபடியும் அவள் தலைக்கு மேலே.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் அக்கா. மைதானத்துக் குரல். மூடினோம். "முதல்ல அவர் ஏறட்டும்."

அத்தான் மறுபேச்சு பேசவில்லை. தொட்டிலில் படுத்தார். அவள் அளவுக்குத் தைத்தது, அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. நான் கைப்பிடியை அழுத்தினேன். அவர் தரையை விட்டு எழும்பினார். முழங்கால் உயரம், இடுப்பு உயரம். இரண்டு கையாலும் பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"போதும். அங்கேயே நிறுத்து" என்றாள் அக்கா. பிறகு அவரைப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"பயமா இருக்கா?"

தொட்டில் லேசாக ஆடியது. அது ஆடும்போது அவர் விரல்கள் இன்னும் இறுகுவதை நான் பார்த்தேன்.

"இருக்கு" என்றார்.

"எனக்கும் இருந்துச்சு. நீங்க அந்த மூட்டையைத் தொங்கவிட்ட அன்னைக்கே இருந்துச்சு. இங்க படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். சங்கிலியைச் சோதிச்சீங்க, சக்கரத்தைச் சோதிச்சீங்க, துணியை நனைச்சுக்கூடப் பாத்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை." என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான்டா. வந்ததும் இவரோட சண்டை போட்டே. என்னைக் கேட்டியா?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தான் அந்தரத்தில் தொங்கியபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கேக்கறேன்" என்றார். "ஏறறியா?"

அக்கா தொட்டிலைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள். "நாளைக்குக் கேளுங்க."

நான் அவரை இறக்கினேன். அவர் எழுந்து தூக்கு வண்டியைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.